தெளிக்காத வரப்பு: ஒரு சம்பாப் பருவத்தின் நாட்குறிப்பு

ஆடி, இரண்டாம் வாரம்

காவிரிப் படுகையில் சம்பாவுக்காக நிலம் காத்துக் கிடக்கும் இந்த வாரங்களில், வெடித்துக் காய்ந்த வயலுக்குள் பூச்சியினங்கள் அதிகம் இல்லை. வாய்க்காலை ஒட்டிய பெருவரப்பிலோ அருகும் கோரையும் பொடுதலையும் தும்பையும் பச்சை பிடித்து நிற்பதால், நெல் இல்லாத மாதங்களைக் கடத்தியாக வேண்டிய சிலந்திகளும் தரைவண்டுகளும் சுவர்க்கோழிகளும் அங்கே ஒதுங்கியிருக்கின்றன. வரப்பை நடைபாதையாகவும் எல்லைக்கோடாகவும் மட்டுமே கருதும் வழக்கத்தில், நடவுக்கு முன் அதில் களைக்கொல்லி அடித்துக் காயவைப்பது துப்புரவு வேலையாகிவிட்டது. கிளைபோசேட் போன்ற, புல் பூண்டு என்ற பேதமின்றி வேர்வரை கருக்கும் மருந்துகள் வந்தபின் அது கூலியையும் மிச்சப்படுத்துகிறது. ஆனால் அந்த மிச்சத்துக்கு எதிரே எழுத வேண்டிய செலவு கணக்கில் ஏறுவதில்லை. நெல் வந்ததும் அதைத் தின்னும் பூச்சி வந்துசேரும். அந்தப் பூச்சியைத் தின்பவை எங்கிருந்து வரும் என்பதற்கு மிக அருகில் இருந்த விடை, நடவுக்கு முன்பே கருகிப்போகிறது.

ஆவணி, கடைசி வாரம்

நாற்றங்கால் எழும்பிவிட்டது, வரப்புகளை அண்டை வெட்டிச் சேறு அணைக்கும் வேலை நடக்கிறது. வரப்போரத்தில் தட்டைப்பயறோ உளுந்தோ ஊன்ற வேண்டும் என்று வேளாண் துறையினர் பரிந்துரைப்பது இந்தச் சமயத்துக்காகத்தான். தட்டைப்பயற்றின் இலைக்காம்பு ஓரங்களிலும் பூங்கொத்துக் காம்பிலும் பூவுக்கு வெளியே தேன் சுரக்கும் சுரப்பிகள் இருப்பதால், பூக்கும் காலத்துக்கு முன்பே குளவிகளுக்கும் எறும்புகளுக்கும் அங்கே உணவு கிடைக்கிறது. அதில் படரும் அசுவினி நெல்லைத் தொடுவதில்லை. பொறிவண்டுகளுக்கு இரையாகி, வயலில் வேலை வரும்வரை அவற்றை வரப்பிலேயே நிறுத்திவைக்கிறது.

புரட்டாசி, மூன்றாம் வாரம்

நடவு முடிந்து நாற்று வேர் பிடிக்கும் நாட்களில் நீர்ப்பரப்பில் தெரிவன பெரும்பாலும் நெல்லுக்குத் தொடர்பில்லாத சிறு கொசுக்களும் ஈக்களுமே. ஜாவாத் தீவின் நெல்வயல்களைப் பற்றி 1996-இல் வெளியான ஆய்வொன்று, இத்தகைய மக்குண்ணிகளே, அதாவது அழுகும் தாளையும் நீர்ப்பாசியையும் தின்று பெருகும் உயிர்களே, தீமை செய்யும் பூச்சி வருவதற்கு முன் சிலந்தி முதலியவற்றுக்கு இரையாகி அவற்றைப் பெருக்குகின்றன என்று காட்டியது. பரந்த நிலப்பரப்பு முழுவதும் ஒரே சமயத்தில் நெடுநாள் தரிசாகக் கிடந்த இடங்களில் அவ்விரையுண்ணிகளின் வருகை பிந்தியதையும் அது பதிவு செய்தது. ஆகவே நட்ட சில நாட்களுக்குள் இலையில் ஓரிரு கீறல் கண்டதும் அடிக்கப்படும் முதல் மருந்து, பயிரைக் காப்பதைவிடக் காவலைக் கலைப்பதில்தான் முந்துகிறது. வரப்பைத் தெளிக்காமல் விட்டு வயலில் இந்த முதல் மருந்தை அடித்தால், விட்டதன் பலன் ஏறக்குறைய முழுதும் வீணாகும்.

ஐப்பசி, இரண்டாம் வாரம்

புகையான் எனப்படும் பழுப்புத் தத்துப்பூச்சி தன் முட்டைகளைத் தூரின் இலையுறைத் திசுவுக்குள் வரிசையாகச் செருகிவைக்கிறது. வெளியே அடிக்கும் மருந்து அவற்றை எளிதில் எட்டாது; அனாக்ரஸ் என்னும் முட்டை ஒட்டுண்ணிக் குளவி எட்டிவிடும். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமும், விளிம்பெல்லாம் நீண்ட மயிர் கொண்ட குறுகிய இறகும் உடைய அக்குளவி, உறையின் மேல் நடந்து முட்டை புதைந்த இடத்தை உணர்கொம்பால் தட்டிக் கண்டறிந்து, தன் முட்டையை அதற்குள் இறக்குகிறது. உறையைக் கிழித்துக் கைலென்சால் நோக்கினால், வெண்மையாக இருக்க வேண்டிய முட்டைகளுக்கு நடுவே ஒட்டுண்ணி புகுந்தவை ஆரஞ்சு கலந்த செம்மையாகத் தெரியும். பூச்சியின் முட்டையிலிருந்து பூச்சிக்குப் பதிலாகக் குளவி வெளிவருவதற்கு அந்த நிறமே சான்று.

இக்குளவி வரப்பைச் சார்ந்திருக்கும் முறை நுட்பமானது. வரப்புப் புற்களில் வாழும் வேறு தத்துப்பூச்சி இனங்கள் சில நெல்லில் பிழைப்பவை அல்ல. ஆயினும் அவற்றின் முட்டைகளிலும் அனாக்ரஸ் வளரும். நெல்லில் முட்டை இல்லாத காலத்தில் தலைமுறை அறுந்துபோகாமல் காப்பது அந்தப் புற்களே. வளர்ந்த குளவிக்கோ இரை தேவையில்லை, தேன் தேவை. அது கிடைத்தால் ஆயுள் நீள்கிறது, நீளும் ஒவ்வொரு நாளும் மேலும் சில முட்டைகளாகிறது. சீனத்தின் செஜியாங் மாகாணத்தில் வரப்பில் எள் வளர்த்துச் செய்யப்பட்ட ஆய்வுகளில், புகையானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிக்கும் எள்ளுப்பூ இவ்வாறே துணைநின்றது.

கார்த்திகை, முதல் வாரம்

அடைமழைக்கு இடையே வெயில் அடிக்கும் நாட்களில் தூர்களின் அடியில் புகையான் தென்படத் தொடங்குகிறது. மருந்து வாங்கும் அவசரமும் இப்போதுதான் எழுகிறது. பல வகை உயிர்களையும் கொல்லும் மருந்து அடித்தால் முட்டைகள் உறைக்குள் தப்ப, சிலந்தியும் மிரிட் பூச்சியும் சாக, அடுத்த தலைமுறை எதிரியின்றிப் பெருகும் நிலையை மறுஎழுச்சி என்பர். இந்தோனேசிய அரசு 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தது இந்த அனுபவத்தின் மீதுதான். விசைத்தெளிப்பானிலிருந்து கிளம்பும் நுண்துளிகள் காற்றில் வரப்புக்கும் போவதால், தவிர்க்கவே முடியாமல் தெளிக்க நேர்ந்தாலும் வரப்பை ஒட்டிய சில வரிசைகளை விட்டுத் தெளிப்பதே அறிவுடைமை.

மார்கழி, கடைசி வாரம்

கதிர் பால்பிடிக்கும் இந்த வாரங்களில் வரப்பின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். குதிரைவாலிப் புல் போன்றவை முன்னதாகவே கதிர்விட்டால் கதிர்நாவாய்ப்பூச்சி அவற்றில் கூடி, பிறகு நெல்லுக்கு இறங்குகிறது. அகன்ற வரப்பு எலிக்கு வளையாகிறது. எனவே தெளிக்காமல் விடுவதைக் கவனிக்காமல் விடுவதாகக் கொள்ளலாகாது. கதிர்விடும் புல்லை அரிவாளால் கழித்து, தும்பை, கரிசலாங்கண்ணி முதலிய பூக்கும் பூண்டுகளை நிறுத்த வேண்டும். இந்தத் தெரிவை அரிவாள் பிடித்த கை செய்யும், களைக்கொல்லி செய்யாது.

தை, மூன்றாம் வாரம்

அறுவடையோடு விளைச்சல் பற்றிய கேள்வி வருகிறது. தாய்லாந்து, சீனா, வியட்நாம் ஆகிய மூன்று நாடுகளில் நெல்வயலோரம் தேன்தரும் செடி வளர்த்து நான்கு ஆண்டுகள் நடத்திய சோதனைகளின் முடிவை, ஜெஃப் கர் தலைமையிலான குழு 2016-இல் வெளியிட்டது: பூச்சிமருந்துப் பயன்பாடு 70 சதவீதம் குறைந்தது, விளைச்சல் 5 சதவீதம் கூடியது, பொருளாதார ஆதாயம் 7.5 சதவீதம். விளைச்சல் கூடிய விகிதத்தைவிட மருந்துப் பயன்பாடு குறைந்த விகிதமே இதில் பெரிது.

அறுப்புக்குச் சில நாள் முன்பே ஈரத்தில் விதைத்த உளுந்து தாள்களுக்கிடையே முளைத்திருப்பதால், வயலை விட்டு வெளியேறும் சிலந்திகளுக்கு இப்போது இரண்டு புகலிடங்கள் உண்டு. ஆனால் ஒரு வரப்புக்குப் பெரும்பாலும் இரண்டு உடைமையாளர்கள். ஒருவர் விட்டுவைத்ததை மற்றவர் ஒரே காலையில் கருக்கிவிட முடியும். எந்த வரப்பு தெளிக்காமல் நிற்கும், அதன் புல்லை யார் எப்போது அரிவது என்பதை, அடுத்த அண்டை வெட்டு வருவதற்குள் இருவரும் பேசி முடிக்க மாசி முதல் ஆடி வரை அவகாசம் இருக்கிறது.