திரையில் வரும் ஆசிரியர்களும் நாங்களும்

திரைப்படங்களை ஆய்ந்து விமர்சனம் எழுதும் அளவுக்கு எனக்குத் திரையறிவு கிடையாது. ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்றெல்லாம் அறிந்தவர்கள் பேசும்போது வாய்மூடிக் கேட்டுக்கொண்டிருப்பவள் நான். பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஒருமுறையோ இருமுறையோ திரையரங்கு செல்வதுண்டு. மற்ற நாள்களில் பயிற்சிப் புத்தகங்களைத் திருத்திக்கொண்டே தொலைக்காட்சியில் ஓடும் படத்தை அரைக்கண்ணால் பார்ப்பதுண்டு. எனக்கும் சினிமாவுக்கும் உள்ள உறவு அவ்வளவுதான்.

ஆனால், ஆசிரியரைப் பற்றிய படம் என்றால் மட்டும் சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிடுவேன். நம் தொழிலைப் பற்றிப் பிறர் என்ன நினைக்கிறார்கள் என்று அறியும் ஆவல் யாருக்குத்தான் இல்லை?

கடந்த சில ஆண்டுகளில் இவ்வகைப் படங்கள் பல வந்துவிட்டன. 'சாட்டை' (2012) படத்தில் சமுத்திரக்கனி இயற்பியல் ஆசிரியர் தயாளனாக வந்து பின்தங்கிய ஓர் அரசுப் பள்ளியைத் தலைநிமிரச் செய்கிறார். 'ராட்சசி' (2019) படத்தில் அதே பணியைத் தலைமையாசிரியை கீதாராணியாக ஜோதிகா செய்கிறார். 'வாத்தி' (2023) படத்தில் தனுஷ் செய்கிறார். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 'சாட்டை'யில் அரசுப் பள்ளியை மீட்ட அதே சமுத்திரக்கனி, 'வாத்தி'யில் கல்வியை வணிகமாக்கும் முதலாளியாக வந்து நிற்கிறார்! பதினோர் ஆண்டுகளில் எவ்வளவு மாற்றம் பாருங்கள்.

இப்படங்கள் எனக்குப் பிடிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். 'ராட்சசி'யில் தலைமையாசிரியை மீது அன்பு கொண்டு அவரையே சுற்றிவரும் அந்தச் சின்னஞ்சிறுவனைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். முதலாம் படிநிலை மாணவர்களுக்குக் கற்பித்தவர்களுக்குத் தெரியும், அது கற்பனையே அன்று! அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் நம் நாட்டின் அப்போதைய கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக் அவர்களே அப்படத்தைப் பார்த்துவிட்டுத் தம் முகநூலில் பாராட்டி எழுதினார். தமிழ்ப்படம் ஒன்றை மலேசியக் கல்வி அமைச்சர் பாராட்டியது ஆசிரியர் அறையில் ஒரு வாரத்திற்குப் பேச்சாக இருந்தது.

அந்த வாரத்தில்தான் பிள்ளையை அழைத்துச் செல்ல வந்த ஒரு தாயார் என்னிடம் கேட்டார்: "டீச்சர், படத்துல வர்ற மாதிரி நம்ப ஸ்கூலுக்கும் ஒரு டீச்சர் வந்தா எல்லாம் மாறிடும் லா?"

அவர் குறை சொல்லும் எண்ணத்தில் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே, "வந்தா நல்லதுதாம்மா" என்று சொல்லி அனுப்பினேன். ஆயினும் அக்கேள்வி என் மனத்தில் தங்கிவிட்டது. படம் பார்த்தவர் மனத்தில் என்ன பதிந்திருக்கிறது? பள்ளி மாற வேண்டுமானால் எங்கிருந்தோ ஒருவர் வர வேண்டும். ஏற்கனவே அங்கிருப்பவர்கள் வெறும் நாற்காலி தேய்ப்பவர்கள் என்பதுதானே?

இப்படங்களின் அமைப்பே அப்படித்தான் இருக்கிறது. நாயகர் நுழையும்போது ஆசிரியர் அறையில் ஒருவர் தூங்கிக்கொண்டிருப்பார், ஒருவர் அரட்டை அடித்துக்கொண்டிருப்பார். ஒரு பாடல் தொடங்கி முடிவதற்குள் மாணவர்கள் எழுதப் படிக்கக் கற்று, ஒழுக்கம் பெற்று, போட்டிகளிலும் வெற்றி பெற்றுவிடுவார்கள். திரைக்கு இரண்டரை மணி நேரமே உள்ளது. அது இயக்குநரின் நெருக்கடி, புரிகிறது. ஆனால், எங்களுக்குப் பாடல் கிடையாதே!

என்னுடன் பணியாற்றிய ஓர் ஆசிரியையை இங்குக் குறிப்பிட விரும்புகிறேன். குறைநீக்கல் வகுப்பை நடத்தியவர். இரண்டாம் ஆண்டில் 'அ'வையும் 'ஆ'வையும் பிரித்தறியாத ஒரு மாணவனை நாள்தோறும் தம் அருகில் அமர்த்தி, எழுத்து அட்டைகளைக் காட்டிக் கற்பித்தார். மணலில் எழுத வைத்தார், மாவில் எழுத வைத்தார். அம்மாணவன் நான்காம் ஆண்டு முடிவில்தான் ஒரு பத்தியைத் தட்டுத் தடுமாறி வாசித்தான். பின்னணி இசை ஒலிக்கவில்லை, எவரும் கைதட்டவில்லை. அவரோ, "சரி, அடுத்த பக்கம்" என்று தாளைத் திருப்பினார். அவரை வைத்து யார் படம் எடுப்பார்கள்?

நம் நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை 150 மாணவர்களுக்கும் குறைவாகப் பயிலும் பள்ளிகள். அத்தகைய பள்ளிகளில் ஓர் ஆசிரியரே மூன்று நான்கு பாடங்கள் கற்பிப்பார்; விளையாட்டுப் போட்டிக்கும் அவரே பொறுப்பு, பாடநூல் கணக்கும் அவரிடமே இருக்கும். இவர்களுள் சோர்ந்து போனவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், பள்ளி என்ற வண்டியை இழுத்துச் செல்வது தனியொரு நாயகர் அல்லர். பெயர் தெரியாத பல கைகள்.

அதனால்தான் எனக்குப் 'பசங்க' (2009) படம் மற்றவற்றைவிட நெருக்கமாகிறது. பாண்டிராஜ் இயக்கி, சிறந்த தமிழ்ப்படத்திற்கான தேசிய விருது பெற்ற படம் அது. ஜெயப்பிரகாஷ் ஏற்ற சொக்கலிங்கம் வாத்தியார் எவரையும் அடித்து வீழ்த்துவதில்லை; பள்ளியைத் தலைகீழாக மாற்றுவதுமில்லை. அவருடைய மகனே வகுப்பில் வம்பு செய்பவன்! பிள்ளைகளின் சண்டைக்குப் பின்னால் பெற்றோரின் சண்டை இருப்பதை அப்படம் அமைதியாகக் காட்டுகிறது. காலையில் முகம் வாடி வரும் மாணவனிடம், "ஏன் வீட்டுப்பாடம் செய்யவில்லை?" என்று கேட்பதற்கு முன்னால், "சாப்பிட்டாயா?" என்று கேட்கத் தோன்றுவது அனுபவத்தால் வருவது. அந்த அனுபவம் அறிந்த ஒருவர்தாம் அப்படத்தை எழுதியிருக்க வேண்டும் என்று பார்க்கும்போதே எண்ணிக்கொண்டேன்.

இனி, நம் மண்ணுக்கு வருவோம். 2016ஆம் ஆண்டு ஜூலையில் 'கபாலி' வெளிவந்தபோது எங்கள் பள்ளியில் நடைபயிலாத பையன்களே இல்லை எனலாம். ரஜினிகாந்த் மலேசியத் தமிழராக, தோட்டத் தொழிலாளர் உரிமைக்குப் போராடிப் பின் குண்டர் கும்பல் தலைவராக மாறியவராக நடித்த படம். அப்போது ஆறாம் ஆண்டில் நன்றாக ஓவியம் வரையும் மாணவன் ஒருவன் இருந்தான். 'என் இலட்சியம்' கட்டுரையில், கபாலியைப் போல் ஆவதே தன் இலட்சியம் என்று எழுதி, பக்கத்தில் கோட்டு அணிந்த தன் உருவத்தையும் வரைந்திருந்தான்.

அழைத்துக் கேட்டேன்: "கபாலி என்னப்பா வேலை செய்றாரு?"

சற்று யோசித்தான். பிறகு, "ஸ்கூல் நடத்துறாரு டீச்சர்!" என்றான்.

உண்மைதான்! வழிதவறிய இளையோருக்கான பள்ளி ஒன்று அப்படத்தில் வருகிறது. தப்பித்துக்கொள்ளச் சொன்னானா, உள்ளபடியே அதுதான் அவன் மனத்தில் பதிந்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால், படத்தின் முடிவில் கபாலியை நோக்கித் துப்பாக்கியோடு வருபவன் அப்பள்ளி மாணவன்தான். நம் நாட்டில் திரையிடப்பட்ட பிரதியில், கபாலி காவல் துறையினரிடம் சரணடைந்ததாக ஒரு வரியைச் சேர்த்து முடித்திருந்தார்கள். அந்த ஒரு வரி பிள்ளைகளின் நினைவில் நிற்குமா, கோட்டு நிற்குமா? கோட்டுதான் நின்றது.

அதற்குச் சில மாதங்கள் முன்பு, 2015 டிசம்பரில் வெளிவந்த 'ஜகாட்' படத்தை எத்தனை பேர் பார்த்தீர்கள்? சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய நம் நாட்டுப் படம். 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியத் திரைப்படம் என்ற விருதையும் பெற்றது. கெட்டவன் எனப் பொருள்படும் மலாய்ச் சொல்லை நம்மவர்கள் உச்சரிக்கும் விதமே அதன் தலைப்பு. தோட்டத்தை விட்டு வெளியேறிப் புறம்போக்கில் குடியேறிய குடும்பம். மகன் படித்து முன்னேற வேண்டும் என்று அடித்து வளர்க்கும் தந்தை. கற்பனை வளம் மிக்க பன்னிரண்டு வயது அப்போய். அவனை ஈர்க்கும் குண்டர் கும்பல் சித்தப்பா. இங்கே காப்பாற்ற வரும் நாயகர் எவருமில்லை. பையனின் குறும்பைப் பார்த்தவர்கள் அவனுக்குள் இருந்த கற்பனையைப் பார்க்கவில்லை. படம் முடிந்து வெளியே வந்தபோது என் கணவர் வண்டியை எடுக்காமல் சற்று நேரம் அமர்ந்திருந்தார். "நம்ப கம்பத்துல எத்தனை அப்போய்!" என்று மட்டும் சொன்னார்.

ஓவியம் வரைந்த என் மாணவனைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இடைநிலைப்பள்ளியில் மூன்றாம் படிவத்தோடு படிப்பை நிறுத்திவிட்டான். எங்கே போய்ச் சேர்வானோ என்று அவன் தாயார் அழுதார். அவனுடைய தாய்மாமா ஒரு கார் பட்டறையில் சேர்த்துவிட்டார். பட்டறை முதலாளியான சீனர், அவன் கைத்திறனைக் கண்டு சாயம் பூசும் வேலையைக் கற்றுக்கொடுத்தார். இன்று அவனுக்கு இருபது வயதைத் தாண்டிவிட்டது. சொந்த உழைப்பில் தங்கையைப் படிக்க வைக்கிறான். அவனைக் கரையேற்றியவர் யார் என்று கேட்டால் ஒருவரைச் சுட்டிக்காட்ட முடியாது. தாயாரின் கண்ணீர், மாமாவின் அலைச்சல், முதலாளியின் பொறுமை, பள்ளியில் எவரோ கையில் கொடுத்த வண்ணப் பென்சில்... எல்லாம் சேர்ந்துதான்.

நாயக ஆசிரியர் படங்கள் வரட்டும். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? அவற்றைப் பார்த்து ஓர் இளைஞர் ஆசிரியர் பணிக்கு வந்தால் அதுவே பெரிய இலாபம். ஆனால், அப்படிப் பார்க்கும்போது நாயகருக்குப் பின்னால் மங்கலாகத் தெரியும் மற்ற ஆசிரியர்களையும் கொஞ்சம் பாருங்கள். அங்கே ஒருவர் எழுத்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருக்கக்கூடும்.

பசங்கள் படம் பார்த்தால் பக்கத்தில் அமருங்கள். முடிந்ததும், "அவர் என்ன வேலை செய்கிறார்?" என்று ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள். பதில் உங்களை வியக்க வைக்கும்.

அன்புடன் விடைபெறுகிறேன். திருத்தவேண்டிய புத்தகங்கள் காத்திருக்கின்றன!