நடுக்கோட்டில் ஃபோகஸ்

ஆண்கள் கபடி மைதானம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். ஒரு ரைடுக்கு 30 விநாடி. அதற்குள் ரைடர் எத்தனை முறை திசை மாறுகிறார் என்று பாருங்கள். கூர்மையாகப் படமெடுக்க இதைவிடக் கடினமான ஆட்டம் நம் ஊரில் இல்லை என்பேன்.

*

200 எம்எம் லென்ஸ், எஃப் 2.8, ஆள் பத்து மீட்டர் தள்ளி. முழு ஃப்ரேம் கேமராவில் கூர்மை கிடைக்கும் ஆழம் ஏறக்குறைய 40 சென்டிமீட்டர். ஒரு முழம்கூட இல்லை. ரைடர் நிமிர்ந்து நிற்கும்வரை மார்பு எண்ணைப் பிடித்தால் முகமும் சேர்ந்து வந்துவிடும். நடுக்கோட்டைத் தொடப் பாய்ந்துவிட்டால் கை முன்னால், முகம் நடுவில், மார்பு பின்னால். மூன்றும் அந்த ஒரு முழத்துக்குள் அடங்காது. அப்போது முகம்தான் வேண்டும். கை மங்கலாம், கண் மங்கக் கூடாது.

*

எங்கே உட்காருவது? ரைடரின் முகம் தெரியும் என்று பலரும் பிடிக்கும் அணிக்குப் பின்னால் போய் உட்காருகிறார்கள். நடுவில் ஏழு முதுகுகள்! ஆட்டோஃபோகஸ் பக்கத்தில் இருக்கும் முதுகைத்தான் பிடிக்கும். ரைடரின் சொந்தப் பாதியில், கடைக்கோட்டு மூலையில், தரையோடு தரையாக உட்காருங்கள். போகும்போது முதுகுதான் தெரியும், போகட்டும். தொட்டுவிட்டுத் திரும்பும்போது முகம் நம்மைப் பார்த்து வரும். காலைப் பிடித்தவர்கள் பின்னால் இழுபடுவார்கள். ஆட்டத்தின் உயிர் அந்த நொடியில்தான் இருக்கிறது.

*

தொடர் ஃபோகஸ் கட்டாயம்: கேனானில் ஏஐ சர்வோ (புதியவற்றில் சர்வோ ஏஎஃப்), நிக்கானிலும் சோனியிலும் ஏஎஃப்-சி. குறுக்கே ஒருவர் ஓடினால் உடனே அவர்மேல் தாவாமல் கொஞ்சம் பொறுக்கும்படி மெனுவில் மாற்றலாம். கபடிக்கு இது மிக முக்கியம், ஏனென்றால் இங்கே குறுக்கே வராத ஆளே கிடையாது. ஃபோகஸைப் பின்பக்கப் பொத்தானுக்கு மாற்றிக் கட்டைவிரலிடம் விடுங்கள். ஆள்காட்டி விரலுக்கு ஷட்டர் மட்டும் போதும்.

*

படம் மங்கலா? ரைடரைப் பார்க்கும் முன் தரையில் விரித்த மேட்டைப் பாருங்கள். துண்டு துண்டாகக் கோத்த மேட்டின் இணைப்புக் கோடுகள் எங்கே பளிச்சென்று தெரிகின்றனவோ, ஃபோகஸ் விழுந்த இடம் அது. ரைடருக்குப் பின்னால் தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. அவர் காலடியிலேயே கோடு தெளிவாக இருந்து, கை மட்டும் இழுவினால் ஷட்டர் வேகம் போதவில்லை. எல்லாமே ஒரே பக்கமாக இழுவினால் கேமரா ஆடியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் லென்ஸைக் குறை சொல்லிப் புது லென்ஸ் வாங்குகிறவர்களைக் கண்டால் மனம் பதறுகிறது.

*

ஊர்த் திருவிழா ஆட்டங்களில் வெளிச்சம் குறைவு. ஐஎஸ்ஓ 6400 போனாலும் தயங்க வேண்டாம். 1/800-க்குக் கீழே இறங்காதீர்கள். படத்தில் புள்ளி தெரிந்தாலும் பத்திரிகையில் அச்சாகும், முகம் இழுவினால் ஆகாது.

*

1985-இல் மினோல்டா 7000 வந்த பிறகுதான் எஸ்எல்ஆர் கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் பரவலானது. அதற்கு முன் விளையாட்டுப் படக்காரர்கள், ஆள் வரப்போகும் இடத்தில் முன்கூட்டியே ஃபோகஸ் வைத்துக் காத்திருப்பார்கள். இருட்டில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும்போது இன்றும் அதுவே கைகொடுக்கிறது. ரைடர் எங்கே போனாலும் நடுக்கோட்டுக்குத் திரும்பியாக வேண்டும். கோட்டுக்கு ஓரடி முன்னால், நம் பக்கமாக ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள். நீட்டிய கை கோட்டைத் தாண்டும்போது முகம் அதைத் தொடர்ந்து அங்கேதான் வரும்.

*

பெண்கள் மைதானம் 12-க்கு 8. கடைக்கோட்டிலிருந்து நடுக்கோடு ஆறே மீட்டர். அங்கே 200 எம்எம் அதிகம். 85 எம்எம் எடுத்துப் போங்கள்.