பாக்குறவன் யாரு?

போன வருசம் மீன்சுருட்டி கடைவீதியில் ஆர்ப்பாட்டம். எங்க சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு. திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து லீவில் வந்திருந்த எங்க தெருப் பொண்ணு ஒருத்தி, உதட்டில் செக்கச்செவேல்னு லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு கொடியோடு வந்து நின்றாள். தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன்: "தொடச்சிட்டு வாடி. போராட்டத்துக்கு வந்தியா, சினிமாவுக்கு வந்தியா? பாக்குறவன் என்னா நெனப்பான்?"

"பாக்குறவன்னா யாருக்கா?" என்று கேட்டாள். துடைக்கவில்லை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எம்.ஏ. வகுப்பில் பெண்ணின் வாய்க்குப் பவளம், முருக்கம்பூ, கொவ்வைப்பழம் என்று உவமை படித்தேன். எங்க ஆயாவின் வாயும் அந்தக் கணக்கில் சேரும் என்று யாரும் சொல்லித் தரவில்லை. ஆயா வாயும் சிவந்ததுதான். இடுப்புச் சுருக்குப்பையில் வெத்தலை, பாக்கு, சுண்ணாம்பு. நடவு வயலில் பசியை அடக்க அதுதான் துணை. மூன்றும் சேர்ந்தால் யார் வாயும் சிவக்கும், அந்தச் சிவப்புக்குச் சாதி தெரியாது. ஆனால் ஆண்டை வீட்டம்மா தட்டில் எடுத்துப் போட்டால் தாம்பூலம். ஆயாவுக்கு அதையே மேலேயிருந்து மடியில் போடுவார்கள். களத்துமேட்டுக்கு ஆண்டை வந்தால் ஆயா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டுதான் நிற்பாள். அந்த ஆண்டையின் சொல்லைத்தான் நான் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன்.

நம் பெண்கள் தங்களை அழகு செய்துகொள்வது இந்த நாட்டில் குற்றமாகவே இருந்திருக்கிறது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போடக்கூடாது. பூ வைக்கக்கூடாது, சாந்து பூசக்கூடாது. மீறியவர்களின் குடிசைகளைக் கொளுத்தினார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் இதையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். பூவுக்கே இந்தக் கதி.

திருகினால் மேலே வரும் லிப்ஸ்டிக் குழாய்க்கு அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியது 1923இல். இங்கே 1952இல் டாட்டா நிறுவனம் 'லக்மே'யைத் தொடங்கியது. லட்சுமி என்ற பெயரின் பிரெஞ்சு வடிவம் அது. அந்த லட்சுமி எங்க தெருவுக்கு வர ரொம்ப நாளாச்சு. வந்ததும் திருவிழாக் கடையின் மலிவு லிப்ஸ்டிக்காகத்தான் வந்தாள். அதையும் அந்தப் பெண் தன் சம்பளக் காசில் வாங்கியிருக்கிறாள்.

2024இல் சென்னை மாநகராட்சியின் முதல் பெண் தபேதாரை மணலிக்கு மாற்றினார்கள். லிப்ஸ்டிக் பூசியதுதான் காரணம் என்றார் அவர். பூசக்கூடாது என்று அரசாணை இருந்தால் காட்டுங்கள் என்று எழுதியே கேட்டார். இடமாற்றத்துக்கு அது காரணமில்லை, பெரிய அதிகாரிகள் வந்துபோகும் இடம் என்பதால் பளிச்சென்ற நிறம் வேண்டாம் என்று சொல்லப்பட்டது, அவ்வளவுதான் என்று மேயர் தரப்பில் விளக்கம் வந்தது. 2022இல் சென்னைக்கு முதல் தலித் பெண் மேயரானவர் அவர். நம்ம பொண்ணு. அதனால்தான் செய்தியைப் படித்தபோது எனக்குக் கூடுதலாகச் சுட்டது. வந்துபோகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? நானும் அதைத்தானே கேட்டேன்.

லிப்ஸ்டிக் பூசினால் விடுதலை வந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. கம்பெனிக்காரனுக்கு அது வியாபாரம். பூசுவதும் விடுவதும் அவளவள் இஷ்டம். ஆனால் துடைக்கச் சொல்லும் உரிமை ஆண்டைக்கும் இல்லை, ஆபீசுக்கும் இல்லை, அக்காவான எனக்கும் இல்லை.

பொங்கலுக்கு அவள் வந்தபோது மறுபடி கூட்டம் போட்டோம். மைக்கை அவள் கையில் கொடுத்தேன். சிவந்த வாயோடுதான் பேசினாள். பொணத்தைத் தூக்கிக்கிட்டு முட்டி மட்டும் சேத்துல நாங்க நடக்குறதைச் சொன்னாள். யாரும் அவள் உதட்டைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் என்ன?

பாதை இன்னும் வரவில்லை.