துளி வீடு

காருக்குப் பின்னால் ஒரு படுக்கையறை, அதற்கும் பின்னால் ஒரு சமையலறை! இப்படி ஒரு குட்டி வீட்டை இழுத்துக்கொண்டு அமெரிக்கக் குடும்பங்கள் மலைக்கும் காட்டுக்கும் புறப்பட்ட கதையைக் கேளுங்கள். முன்புறம் உருண்டு, பின்புறம் சரிந்து, ஒரு துளியைச் சாய்த்து வைத்தாற்போல் இருக்கும். அதனால் 'கண்ணீர்த் துளி வண்டி' என்று பெயர். மற்றபடி அழுகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை!

1930-களில் அந்த நாட்டில் ஒரே பணமுடை. வேலை இழந்தவர்கள் லட்சக்கணக்கில். ஆனாலும் கார் வைத்திருந்தவர்களுக்கு ஊர் சுற்றும் ஆசை போகவில்லை. யோசெமிட்டி பூங்காவுக்குள் 1913-லும், எல்லோஸ்டோனுக்குள் 1915-லும் கார்களை அனுமதித்தாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபின் இரவு தங்கத்தான் செலவு. ஆகவே வீட்டுக்காரர்களே ரம்பத்தைக் கையில் எடுத்தார்கள். கைவேலைப் பத்திரிகைகள் வரைபடம் போட்டுக் கொடுத்தன.

பிளைவுட் பலகை 8 அடி நீளம், 4 அடி அகலத்தில் கடையில் கிடைக்கும். வண்டியின் அளவும் கிட்டத்தட்ட அதுவேதான். ஒரு பலகையில் கோடு கிழித்து அறுத்தால் ஒரு பக்கச் சுவர் தயார்! ரவிக்கைத் துணியை வீணாக்காமல் வெட்டத் தெரிந்த உங்களுக்கு இதன் அருமையைச் சொல்ல வேண்டுமா? உள்ளே தரை முழுதும் மெத்தை. நிமிர்ந்து நிற்க முடியாது, உட்காரலாம், படுக்கலாம். இருவருக்குத்தான் இடம். குழந்தைகளுக்குப் பக்கத்தில் கூடாரம்.

சமையலறைதான் விசேஷம். பின்பக்க மூடியைத் தூக்கினால் ஸ்டவ், ஐஸ் பெட்டி, பாத்திரம் வைக்க அலமாரி எல்லாம் கச்சிதமாக இருக்கும். தூக்கிய மூடியே கூரை. சமைப்பவள் நிற்பது மட்டும் வெளியே, புல் தரையில்! சாரல் அடித்தால் முதுகு நனையும். மூடியின் கீல் வழியே தண்ணீர் சொட்டுவது வேறு அந்த வண்டிகளின் தீராத வியாதி. பலகை அறுத்த ஐயா உள்ளே காலை நீட்டிப் படுத்திருக்க, அம்மாளுக்கு விடுமுறையிலும் அடுப்பா என்று எனக்குக் கோபம்தான். ஆனால் புகை மண்டாமல், பைன் மரக் காற்று வீசும் சமையலறை எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இரண்டாம் உலக யுத்தத்தில் டயருக்கும் பெட்ரோலுக்கும் ரேஷன் வந்தது, பிரயாணம் நின்றது. 1945-இல் யுத்தம் ஓய்ந்ததும் விமானம் செய்ய வைத்திருந்த அலுமினியத் தகடு மிஞ்சிச் சந்தைக்கு வந்தது. அது துளி வீட்டின் மேல்தோலாயிற்று. 1947-இல் 'மெக்கானிக்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' பத்திரிகை ஒரு வரைபடம் வெளியிட்டது. அதைப் பார்த்து எத்தனையோ பேர் கொட்டகையில் சுத்தியல் தட்டினார்கள்.

1950-களில் ரோடுகள் அகன்றன, கார்களின் பலம் கூடியது, நின்று சமைக்கக்கூடிய பெரிய வண்டிகள் வந்தன. துளிகள் கொட்டகை மூலைக்குப் போயின. 1990-களில் அவற்றைத் தேடி எடுத்துப் பழுது பார்க்க ஆட்கள் கிளம்பினார்கள். அந்த 1947 படத்தைப் பார்த்தே இன்றும் பலகை அறுப்பவர்கள் உண்டு. கீலுக்கு ரப்பர் பட்டை வைத்து ஒழுக்கை அடைக்கிறார்கள். சமையல் மட்டும் இன்னமும் வெளியில்தான்!