பாரிமுனைக்கு வடக்கே வர்றவங்களுக்கு சில டிப்ஸ்

மெட்ராஸ் சுத்திப் பாக்க வர்றவங்க பாரிமுனை வரைக்கும் வந்துட்டு, யு-டர்ன் அடிச்சு மெரினாவுக்குப் போயிடறாங்க. அதுக்கு வடக்கே ஒரு ஊரே இருக்கு சாமிகளா! மூலக்கொத்தளத்துல பொறந்து வளர்ந்தவன்ங்கற ஒரே தகுதியில சில குறிப்புகள். ரொம்ப ஜல்லியடிக்காம மேட்டருக்கு வரேன்.

1. ரயில்: 2021 பிப்ரவரியில வண்ணாரப்பேட்டையிலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்துடுச்சு. மின்சார ரயில்ல வர்றவங்க மட்டும் கொஞ்சம் உஷாரா இருக்கணும். சென்ட்ரல் பக்கத்துல மூர் மார்க்கெட் வளாகத்துலேர்ந்து கிளம்புற கும்மிடிப்பூண்டி வண்டி ராயபுரம் வழியா வராது. பீச் ஸ்டேஷன்லேர்ந்து வர்ற வண்டியைப் பிடிக்கணும். ராயபுரத்துல இறங்கினா அவசரப்படாம ஸ்டேஷன் கட்டடத்தை ஒரு தடவை அண்ணாந்து பாருங்க. தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1-ம் தேதி இங்கேர்ந்துதான் வாலாஜா ரோடு போச்சு.

2. ரோடு: எண்ணூர் நெடுஞ்சாலையில டூ-வீலர்ல போகாதீங்க. கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்கும். ரெண்டு லாரிக்கு நடுவுல சந்து தெரியுதேன்னு நுழையவே நுழையாதீங்க. அவ்வளவு உயரத்துல உக்காந்திருக்கற டிரைவருக்கு நீங்க இருக்கறதே தெரியாது.

3. மீன்: காசிமேட்டுக்குப் போறவங்க விடியறதுக்கு முன்னாடியே போயிடுங்க. ஞாயித்துக்கிழமை கால் வைக்க இடம் இருக்காது. ரப்பர் செருப்பு போதும், நல்ல ஷூவை வீட்டுலயே விட்டுடுங்க. ஏலம் நடக்குற இடத்துல வேடிக்கை பாக்கறேன்னு கையை கிய்யைத் தூக்கிடாதீங்க. சில்லறையா வாங்க, கூறு கட்டி வச்சிருக்கற அக்காங்ககிட்ட போங்க. "யக்கா, பாத்து போட்டுக் குடுக்கா"ன்னு கேட்டா நெத்திலியில ஒரு கை சேர்ந்து விழும். செவுளைத் தூக்கிப் பாருங்க, ரத்தச் சிவப்பா இருந்தா நல்ல மீன். சுத்தம் பண்றதுக்குத் தனிக்கூலி, அதுல பேரம் பேசாதீங்க. ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடை. அப்ப விலை எகிறும்.

4. சாப்பாடு: சாயந்திரமா பீச் ஸ்டேஷன் எதிர்ல பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிடுங்க. நூடுல்ஸ், கோஸ், வறுத்த வெங்காயம், எலுமிச்சை எல்லாத்தையும் கையாலயே பிசைஞ்சு தருவாங்க. கூட வாழைத்தண்டு சூப். பர்மாவுலேர்ந்து எல்லாத்தையும் விட்டுட்டுத் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டு வந்த ருசி இது.

5. எங்க ஏரியா: மூலக்கொத்தளம்னாலே "சுடுகாடா?"ன்னு சிரிப்பாங்க. ஆமாங்க, சுடுகாடுதான். எழும்பூர்ல தாளமுத்து நடராசன் மாளிகை இருக்கே, அந்த ரெண்டு பேருக்கும் நினைவிடம் இங்கதான் இருக்கு. முதல் இந்தி எதிர்ப்புப் போராட்டத்துல சிறைக்குப் போய், 1939-ல உயிரை விட்டவங்க. இன்னிக்கு நாம தமிழ்ல எழுதிட்டிருக்கோம், ஒரு நிமிஷம் வந்து நின்னுட்டுப் போகலாம். ஆனா சாவு ஊர்வலம் வந்தா ஓரமா நில்லுங்க. பறையும் பூவும் பட்டாசுமா வரும். கேமராவை மட்டும் உள்ள வச்சிடுங்க, அது அவங்க வீட்டு துக்கம்.

6. கடல்: "பீச் எங்க?"ன்னு எல்லாரும் கேக்கறாங்க. காசிமேட்டுலேர்ந்து எண்ணூர் வரைக்கும் பெரும்பாலும் கருங்கல்தான். இந்தக் கரையில அலை மணலைத் தெக்கேர்ந்து வடக்கே தள்ளிட்டு வரும். 1870-கள்ல துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் மணல் தெக்கேயே தங்கிடுச்சு. மெரினா அவ்வளவு அகலமா ஆனது அப்படித்தான். வடக்கே மணல் வர்றது நின்னுச்சு, கடல் அரிக்கறது நிக்கலை. எங்க ஆயா தான் குடியிருந்த தெருவைக் காட்டுறேன்னு சொல்லி, கடலுக்குள்ள கையை நீட்டும். சின்ன வயசுல எங்களுக்கு அது விளையாட்டுப் பேச்சாத் தெரிஞ்சுது. அதனால கல்லு மேல ஏறி செல்ஃபி வேண்டாம். பாசி வழுக்கும், இறங்கினா ஆழம்.

7. காத்து: ஆஸ்துமா இருந்தா மருந்தைக் கையோட வச்சுக்கங்க. மணலி, எண்ணூர் பக்கம் சில நாள் மூச்சு முட்டும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெயும் வந்து எண்ணூர் கழிமுகம் பூரா படிஞ்சுது. மீனவங்க கையால மக்குல மொண்டு மொண்டு அள்ளினாங்க. வந்தா அந்தக் கழிமுகத்தையும் பாத்துட்டுப் போங்க. சென்னைக்குக் கரண்டும் பெட்ரோலும் வர்ற வழி எங்க வீட்டுத் திண்ணையைத் தாண்டித்தான் போகுதுன்னு புரியும்.

பி.கு: வெலாசம் கேட்டா சும்மா வழி காட்ட மாட்டாங்க, பாதி தூரம் கூடவே வருவாங்க. பயந்துடாதீங்க, எங்க ஊர் வழக்கமே அதான்.