ஆற்றங்கரைக்குப் படிக்க வந்தவர்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் போகிறவர்களில் பெரும்பாலோர் முருகனைப் பார்க்கப் போகிறவர்கள். வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் தாமிரபரணியைக் கடந்து, வடகரை வழியாக ஏரலுக்குப் போகிற பயணி அபூர்வம். ஏரலைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், வாழையும் நெல்லும் சூழக் கிடக்கிறது கொற்கை.

பாண்டியரின் முத்துத் துறைமுகம் இது. 'பெரிப்ளூஸ்' என்ற பழைய கிரேக்கக் கடற்பயண நூலிலும் இதன் பெயர் வருகிறது. இன்றைக்குக் கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. துறைமுகத்தைத் தேடி வருகிறவருக்கு ஊரார் காட்டுவது ஒரு குளம், வெற்றிவேலம்மன் கோயில், இரண்டாயிரம் வயது என்று அவர்கள் சொல்லும் ஒரு வன்னிமரம். 1968-69இல் தமிழகத் தொல்லியல் துறை இங்கே தோண்டி எடுத்த கரித்துண்டின் காலம் கி.மு. 785 என்று கணிக்கப்பட்டது.

தாமிரபரணி மண்ணைக் கொட்டக் கொட்டத் துறைமுகமும் கிழக்கே நகர்ந்தது. கொற்கைக்குப் பின் பழையகாயல்; அதற்கும் பின் ஆற்றுமுகத்திலுள்ள புன்னைக்காயல். பயணி அடுத்துப் போகவேண்டிய இடம் அதுதான். பிற நாட்டார் இந்தக் கரையில் மாணவர்களாக உட்கார்ந்த கதை அங்கேதான் இருக்கிறது.

போர்ச்சுகலில் பிறந்த ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் 1547 வாக்கில் முத்துக்குளித்துறை என்ற இந்தக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தார். முத்துக் குளிக்கும் பரதவர்களிடையே வேலை செய்ய வந்த பாதிரியாருக்கு அவர்கள் மொழி பிடிபடவேண்டியிருந்தது. அதற்கு அவரும் உடனிருந்தவர்களும் செய்த ஏற்பாடு வேடிக்கையானது. தங்களுக்குள் தமிழில்தான் பேசவேண்டும்; போர்ச்சுகீசியம் வாயில் வந்தால் தண்டனை. இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் தமிழ் பேசி அபராதம் கட்டிய பிள்ளைகள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். ஐரோப்பியத் துறவிகள் தமிழ் கற்க 1560களில் புன்னைக்காயலில் ஒரு பள்ளியே நடந்தது. தமிழ் எழுத்தில் ஹென்றிக்கஸ் தயாரித்த 'தம்பிரான் வணக்கம்' 1578இல் கொல்லத்தில் அச்சாயிற்று. 'அடியார் வரலாறு' 1586இல் வெளிவந்தது.

மதம் பரப்பத்தான் வந்தார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் வந்த வேலையைத் தொடங்குமுன் சிலேட்டைக் கையில் எடுத்தார்கள்.

கொற்கைக்கு அதிக தூரத்தில் இல்லாத சாயர்புரத்தில் இதே கதையின் அடுத்த பாகம். கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் பிறந்த ஜி.யு. போப், 1842இல் இங்கு வந்து ஒரு பள்ளியைத் தொடங்கினார். தேரிக்காட்டுப் பிள்ளைகள் லத்தீனும் கிரேக்கமும் படித்தார்கள். வாத்தியார் விடாமல் தமிழ் படித்தார். பிற்காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் கற்பித்த போப், 1886இல் திருக்குறளையும் 1900இல் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் வெளியிட்டார். சாயர்புரத்தில் இன்று அவர் பெயரில் ஒரு கல்லூரி நடக்கிறது.

பாளையங்கோட்டையில் இன்னொரு மாதிரி. அங்குள்ள மகளிர் கல்லூரி சாரா டக்கர் என்ற ஆங்கிலேயப் பெண்ணின் பெயரைத் தாங்கியது. அவர் இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. அவர் நினைவாகத் தோழிகள் இங்கிலாந்தில் திரட்டிய பணத்தில் எழுந்தது பள்ளி. 1895இல் கல்லூரி வந்தது. இங்கே கடல் கடந்து வந்தது பணம் மட்டும்.

இப்போது போக்கு மாறியிருக்கிறது. மாநில அளவிலான போட்டிகளில் வென்ற அரசுப் பள்ளி மாணவர்களைத் தமிழகப் பள்ளிக் கல்வித்துறை வெளிநாடு அழைத்துப் போகிறது. 2022 நவம்பரில் ஷார்ஜா, துபாய். மறு ஆண்டு ஜப்பான். 2024இல் 'கனவு ஆசிரியர்' விருது பெற்ற ஆசிரியர்கள் பிரான்சுக்குப் போய்வந்தார்கள். ஊர் எல்லையைத் தாண்டியிராத பிள்ளைக்கு விமானத்தின் ஜன்னல் சீட்டே பெரிய படிப்பு. ஆனாலும் நாலைந்து நாள் சுற்றிப் பார்ப்பதும், ஒருவர் வீட்டில் தங்கி அவர்கள் சோற்றைத் தின்று, அவர்கள் மொழியில் தப்பும் தவறுமாகப் பேசிப் பழகுவதும் ஒன்றல்ல. போனவர்களுக்குப் பதிலாக அங்கிருந்து யாராவது இங்கே வந்து தங்கினால்தான் அது பரிமாற்றம்.

வந்தால் கற்றுக்கொடுக்க இங்கே என்ன இருக்கிறது? பத்தமடையில் கோரையை இழையாகக் கிழித்துப் பட்டுபோல் பாய் நெய்கிற பெண்கள் இருக்கிறார்கள். 2013இல் அந்தப் பாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதைவிடவும் பொருத்தமான பாடம் திருச்செந்தூர் சாலையிலேயே, ஆதிச்சநல்லூரில் உண்டு. 1876இல் ஜெர்மானியரான யாகோர் அந்த ஊரின் பரம்பு மேட்டில் தோண்டிக் கிடைத்த முதுமக்கள் தாழிகளையும் இரும்புப் பொருள்களையும் பெர்லினுக்குக் கொண்டுபோனார். இடத்திலேயே மிஞ்சிய தாழிகளைக் கண்ணாடித் தளத்தின் வழியே பார்க்கும்படி மத்தியத் தொல்லியல் துறை 2023 ஆகஸ்டில் தள அருங்காட்சியகம் திறந்தது. ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்து ஒன்பதாம் வகுப்பும் பெர்லினின் ஒன்பதாம் வகுப்பும் சேர்ந்து ஒரு பட்டியல் போடலாம்: எது இங்கே இருக்கிறது, எது அங்கே போனது, ஏன் போனது என்று. ஒரு பருவத்துக்கு இவர்கள் அங்கே, மறு பருவத்துக்கு அவர்கள் இங்கே. மொழிக்கு, புன்னைக்காயல் பாதிரியார்களின் தண்டனை முறையையே வைத்துக்கொள்ளலாம்.