எழுத்தறிவு மட்டும் போதுமா?

எழுத்தறிவு மிக்க நாடு என்று நாம் பெருமை பேசுகிறோம். 1945இல் வந்த இலவசக் கல்வி ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கும் பள்ளிக் கதவைத் திறந்தது; அப் பெருமையிற் பொய்யில்லை. ஆயினும், வாசிக்கத் தெரிந்தோர் யாவரும் வாசித்ததை ஆராயத் தெரிந்தோர்தாமா?

2018 பெப்ரவரியில் அம்பாறையில் நடந்ததை நண்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் உணவிலே மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்றொரு வதந்தி எழுந்தது. சிங்களம் சரிவர அறியாத ஊழியர் ஒருவரைச் சூழ்ந்துகொண்டு கேட்டனர். கேள்வி விளங்காமலே அவர் 'ஆம்' என்றார். அக் காட்சி முகநூல் வழியே நாடெங்கும் பரவிற்று. உணவகம் தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தப்பவில்லை. அரச பகுப்பாய்வாளரின் ஆய்விலே மாத்திரை எதுவும் காணப்படவில்லை. இருந்தது வெறும் மாக்கட்டியே. உண்மை வெளிவருமுன் பொய் தன் வேலையை முடித்துவிட்டது.

அதைப் பரப்பியோர் எழுத்தறியாப் பாமரர் அல்லர். பள்ளி சென்று பரீட்சை எழுதியோரே. அவர்களை உருவாக்கியவர் யார்? இங்கே நாம் நம்மையே குற்றக் கூண்டில் நிறுத்தவேண்டியிருக்கிறது.

பல ஆண்டுகளின்முன் வரலாற்று வகுப்பொன்றிலே ஒரு மாணவன் எழுந்து, "இதை எழுதினவருக்கு இது எப்படிச் சேர் தெரியும்?" என்றான். "புத்தகத்தில் இருக்கிறது. எழுதிக்கொள்" என்றோம் நாம். அவன் உட்கார்ந்தான், பிறகு கேள்வி கேட்கவேயில்லை. பாடத்தை உரிய காலத்தில் முடித்த திருப்தி நமக்கு! அச்சில் உள்ளதை ஐயமின்றி ஏற்கப் பழகிய பிள்ளை, நாளை கைத்தொலைபேசியில் வருவதையும் அவ்வாறே ஏற்பதில் வியப்பென்ன?

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரச அலுவலகத்தை நோக்கிக் கேள்வி கேட்கும் உரிமையைக் குடிமக்களுக்கு அளித்தது. வகுப்பறையில் வாய் மூடப்பட்டவர்கள் அவ் வுரிமையை எங்ஙனம் கையாள்வர்?

ஆசிரிய நண்பர்களே, இதற்குப் புதிய பாடநூலோ கணினிக்கூடமோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரே நிகழ்ச்சியைப் பற்றி இரு பத்திரிகைகள் எழுதியதை மாணவர் முன் வையுங்கள். சொன்னவர் யார், அவர் எப்படி அறிந்தார், இதை நாம் நம்புவதால் ஆதாயம் யாருக்கு என்று அவர்களே கேட்கட்டும். நம் சொல்லையும் அக் கேள்விகளுக்கு உட்படுத்தட்டும். அன்று நாம் உட்காரவைத்த மாணவனுக்குச் செலுத்தவேண்டிய கடன் இன்னும் தீரவில்லை.